க்ளாராவுக்கு ரிப்பேர்

— ரிப்பேர்னு சொல்லித்தானே வியன்னா சபையில அனுமதி வாங்கினீங்க? இது என்ன மேஸ்திரி, முழுசா ஒரு புதுக் கப்பல் நிக்குது?

— வாங்க ஹோலப் ஐயா. வியன்னாலேர்ந்து இந்தப் பூலா துறைமுகம் வரைக்கும் ரயில்ல குலுங்கி வந்த இன்ஸ்பெக்டருக்குக் கண்ணு மங்கத்தான் செய்யும். இது நம்ம பழைய ‘இளவரசி க்ளாரா’தான், கேட்டுக்குங்க.

— க்ளாரா மரக் கப்பல். மேல இரும்புத் தகடு போர்த்தியிருந்துச்சு. இது அடியிலேர்ந்தே இரும்பு.

— மரம் உளுத்துப் போச்சு, மாத்தினோம்.

— எவ்வளவு மரம்?

— எல்லாம்.

— மேஸ்திரி ஸ்வானே!

— என்ன ஸ்வானே? அழுத்தினா விரல் உள்ள போச்சுய்யா! அதுல ஏறிச் சண்டைக்குப் போகச் சொல்றீங்களா? எதிர்க்கரையில இத்தாலிக்காரன் புதுசு புதுசா கப்பல் இறக்குறான். உங்க சபை, ‘புதுக் கப்பல் கிடையாது, ரிப்பேர் மட்டும்’னுச்சு. சரின்னு ரிப்பேர் பண்ணிட்டோம்.

— நீளம் பதினோரு அடி கூடியிருக்கு.

— ரிப்பேர்ல கொஞ்சம் நீளும், கேட்டுக்குங்க.

— கிண்டலா? நான் ‘புதுசு’ன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். நாளைக்கே வேலை நிக்கும். இதை இங்கயே வெட்டிப் போட்டுடுவாங்க.

— எழுதுங்க! அறுநூறு வீட்டு அடுப்பு அணையும்னும் சேத்து எழுதுங்க. மெஷின் பழசு, மணி பழசு, கவசத் தகடு பழசு. நீங்க தலைகீழா நின்னாலும் இந்த ஸ்வானே வாயிலேர்ந்து ‘புதுசு’ங்கிற வார்த்தை வராது.

— பழைய தகடா? எங்க, காட்டு.

— இந்தா, இடப்பக்கம். லிஸ்ஸா கடல் சண்டையில இத்தாலிக்காரன் குண்டு பட்ட பள்ளம். கை வச்சுப் பாருங்க. மடோனா மாதா மேல சத்தியமா, நானே நின்னு மாட்டினது.

— பள்ளம் அதேதான். ஆனா இங்க இருக்கக் கூடாது.

— ஏன்?

— குண்டு பட்டது வலப்பக்கம். மூணாவது பீரங்கி வாசலுக்குக் கீழ.

— வியன்னாவுல மேஜை துடைச்சுக்கிட்டிருந்த உங்களுக்கு என்ன தெரியும்?

— கையுறையைக் கழட்டுறேன், பாரு.

— ஐயோ... ரெண்டு விரலைக் காணோமே! நீங்க க்ளாராவுல இருந்தீங்களா?

— மூணாவது பீரங்கி என்னோடது. குண்டு பட்ட வேகத்துல தகட்டு ஆணி ஒண்ணு பிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. தகடு மட்டும் உடையல. உடைஞ்சிருந்தா இன்னைக்கு நானே இல்ல. அது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?

— சரி, என் தப்புதான். வர்றவன் கண்ணுல பழசு படட்டும்னு கரையைப் பாத்த இந்தப் பக்கமா மாட்டினேன், இப்ப நானே மாட்டிக்கிட்டேன். பேனாவை எடுத்துட்டீங்கல்ல? எழுதுங்க. ஆனா மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன், கேட்டுக்குங்க.

— உன்னை யாரு கேக்கச் சொன்னா? எழுதினதைப் படிக்கிறேன், வாயை மூடிக்கிட்டுக் கேளு: ‘ரிப்பேர் சரியில்லை. பழைய தகட்டைப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். அதை வலப்பக்கம் மாற்றிவிட்டு, ரிப்பேரைத் தொடரவும்.’