வாய் மாறி வந்த சொல்

ஓடுகிறோம். முன்னால் அந்தோணி. பின்னால் நான். பதுங்குகுழிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தலைக்கு மேலே நீளமாக ஒரு சீழ்க்கைச் சத்தம். பிறகு சத்தமே இல்லை. அதுதான் பயம்.

"டேய், படுறா! கீழ படு!"

அந்தோணி எனக்காகத் திரும்பி நின்று கத்தினான். நான் விழுந்தேன். ஷெல் அவன் பக்கத்தில் விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அவன் அசையவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. அடுத்த ஷெல்லின் இரும்புச் சில்லு ஒன்று என் தலையின் இடப்பக்கம் ஏறியது.

அவன் திண்டிவனம். நான் விழுப்புரம் பக்கம் காணை. நாங்கள் காவல் நின்ற அந்த எல்லையில் எங்கள் ஊர்ப் பேச்சு பேச எனக்கு அவன் ஒருவன்தான் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். டம்ளர் தெரிகிறது. தாகம் தெரிகிறது. சொல் வரவில்லை. பல வாரம் கழித்து வந்த முதல் சொல் 'பானி'. பட்டாளத்தில் கற்ற இந்தி திரும்பிவிட்டது. தமிழ் திரும்பவில்லை.

காணையில் வீடு. மனைவி செல்வி என் முகத்துக்கு நேரே குனிகிறாள்.

"என்னாங்க, நான் யாரு? சொல்லுங்க."

தெரியும். பேர்தான் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் என் எதிரிலேயே "பாவம், புத்தி பூட்ச்சி" என்றார்கள். அதுவும் புரிந்தது. விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி. படம் காட்டுவார்கள். பசு. நாற்காலி. மனசுக்குள்ளே நான் சரியாகத்தான் சொன்னேன். வெளியே வந்தது வேறு.

கொஞ்சம் தமிழ் வந்ததும் அந்தோணியின் அம்மாவைப் பார்க்கச் செல்வியோடு திண்டிவனம் போனேன். மல்லாட்டைத் தோலை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். முறத்தைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நீதான் கூட இருந்த. எம் புள்ள ரொம்ப துடிச்சானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"ஆமா."

திருத்தப் பார்த்தேன். மறுபடியும் "ஆமா." மறுபடியும். அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். செல்வி என் வாயைப் பொத்தினாள். "போதுங்க, வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடந்ததை அவளிடம் விளக்கவும் எனக்குச் சொல் இல்லை.

அதன்பின் கரும்புத் தோட்டத்து வரப்பில் தனியாக நின்று ஒரே சொல்லைப் பழகினேன். இல்ல. இல்ல. அது பிசகாமல் வரத் தொடங்கியதும் நான் மட்டும் திண்டிவனம் போனேன்.

"இல்லம்மா. துடிக்கல. சத்தமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார்.

"அன்னிக்கு உண்மைய சொல்லிட்ட. இன்னிக்கு எம் மனசு தேறணும்னு பொய் சொல்லிக்கினு வர்ற. வேணாம் தம்பி. டீ குடிச்சிட்டு போ."

குடித்தேன். வந்துவிட்டேன்.

இதை இடது கையால் எழுதுகிறேன். பல நாளாக. அந்தோணி துடிக்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

போனது அந்தோணி. போனது என் வலது கையின் பிடி. எனக்குள் இருந்து செல்வியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஒருவன் போய்விட்டான். அவள் அவனைத் தேடுகிறாள். கேட்பதில்லை. கடைசியாக, அந்த அம்மாவின் தூக்கம். அதை எடுத்தது ஷெல் இல்லை. என் வாய்.