கிருமிக்கு ஊத்துற கரும்புச்சாறு

லேபா? எதிர்ல கீற வெள்ளை பில்டிங்தான் சார். இப்பப் போனா யாரும் இருக்க மாட்டாங்க, பூட்டிகினு போயிருக்காங்க. வெயிலு இன்னா காய்ச்சு காய்ச்சுது! இந்த ஸ்டூல்ல குந்துங்க. வேம்புலி கடை கரும்புச்சாறுன்னா வேலப்பன்சாவடில தெரியாத காலேஜு புள்ள கெடையாது.

பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு சீட்டு விசாரிக்க வந்தீங்களா? சரி, சரி. அங்க கிருமி வளக்கறாங்க சார். ஐய, நோவு குடுக்குற கிருமி இல்ல. பிளாஸ்டிக் குடுக்குற கிருமி. சிரிக்காதீங்க, மெய்யாலுமே. எங்கிட்டதான் சாறு வாங்கினு போவாங்க, இஞ்சி, எலுமிச்சை ஒண்ணும் கூடாது. அத்தப் பெரிய கண்ணாடி ஜாடில ஊத்தி, கிருமிய உட்டு, காத்து ஊதிகினே இருப்பாங்க. இனிப்பத் தாராளமா குடுத்துட்டு, உர உப்ப மட்டும் நிறுத்திடணுமாம். அது இல்லாம கிருமியால பெருக முடியாது. துன்ற இனிப்பையெல்லாம் வயித்துக்குள்ள பிளாஸ்டிக்கா சேத்து வச்சுக்கும். அத்த எடுத்துக் கப்பு பண்ணலாம். மண்ணுல பொதச்சா மக்கிப் பூடும்.

ஜாடி பாக்குறது ஸ்வாதின்னு ஒரு பாப்பா. இருதயராஜுன்னு ஒரு பையன் கீறான், அவன் ஜாடியத் தொடவே மாட்டான். இவ்ளோ இனிப்பு, இவ்ளோ சூடு, இவ்ளோ காத்து குடுத்தா இவ்ளோ பிளாஸ்டிக் வரும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு மின்னாடியே சொல்லுவான். வந்தாத்தானே! தெனம் இந்தக் கடையாண்ட நின்னுகினு சண்டை. ஒன் கணக்குல உசுரே இல்லடான்னு இது கத்தும். உப்ப எப்போ நிறுத்துனன்னு ஒழுங்கா சொல்லுடின்னு அவன். என் மிஷினு சத்தமே கேக்காது சார்.

அப்பால ஒரு நாளு கணக்கு சொன்னதும் ஜாடில வந்ததும் ஒண்ணாப் பூச்சு. கோட்டு மேல கோடு வச்ச மாரி. ரெண்டும் ஓடியாந்துச்சுங்க. பாப்பா அழுதுகினே சிரிக்குது. பையன் கர்ச்சீப்ப நீட்டிட்டு, இத்தினி நாளு சண்டை போட்டதுக்கு மன்னிச்சுக்கோன்றான். கணக்கு தப்பானப்பகூட மன்னிப்பு கேக்காத ஆம்பளைங்களத்தான் நான் பாத்துகீறேன். இவன் சரியா வந்த அன்னிக்குக் கேக்குறான் சார்!

இன்னா, மூஞ்சி ஒரு மாரி பூடுச்சு? இன்னொரு கிளாஸா? ஐயோ, வாணாம் சார். எங்கப்பா எங்களத் தேடிகினு வருவாரு, அவருக்கு சுகர் கீது, அரை கிளாசுக்கு மேல குடுக்காதண்ணா, நாங்க வர்ற வரைக்கும் பேசிகினு மட்டும் இருன்னு ஒங்க போட்டோவக் காட்டி சொல்ட்டுதான் பாப்பா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போச்சு.

குந்துங்க சார், எங்க ஓடுறீங்க? இந்நேரம் கையெழுத்து முடிஞ்சிருக்கும். சாட்சிக்கு எங்க ஊட்டுக்காரம்மாதான் போயிருக்குது. நேரா ஒங்க கால்ல வுழத்தான் வராங்க. பயப்படாதீங்க, மோதிரம் தங்கந்தான். மக்கிப் போற சாமானு அதுக்கு மட்டும் வாணாம்னு நான் கண்டிஷனா சொல்ட்டேன்.