புதைத்த இறால்

மலேசியாவில், புந்தோங்கிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்தவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

“நான் பொதச்ச இறாலு இன்னிக்குக் காலையில எந்திரிச்சு நிக்குது அக்கா.”

“என்ன புள்ள சொல்ற?”

“எங்க வீட்டுக்காரரு கண்ணாடித் தொட்டியில வளக்குறாருலா, அந்த இறாலு. தண்ணி வேகமா வர்ற எடத்துல நின்னு, விசிறி மாதிரி கைய விரிச்சு, மெதந்து வர்ற தூசியப் புடிச்சுத் தின்னுமே. அவர ஆஸ்பத்திரியில சேத்த மறுநாளு பாத்தா அசையாம கெடக்கு. அழுதுகிட்டே கருவேப்பிலச் செடிக்கடியில பொதச்சேன்.”

“அவருகிட்ட சொன்னியா?”

“எப்படிச் சொல்றது? கண்ணு முழிச்சதும் மொதல்ல அதத்தான் கேட்டாரு. நல்லாருக்குன்னுட்டேன். நாலு நாளா தலையக் குனிஞ்சுகிட்டேதான் அவருகூட பேசுறேன்.”

பஸ் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் மேகம் மெதுவாக நகர்ந்தது.

“அப்புறம்?”

“இன்னிக்குத் தொட்டியக் கழுவப் போனா, உள்ள கெடக்குற கட்டைக்குப் பின்னாலேர்ந்து மெதுவா நடந்து வருது. தண்ணியில நின்னு ஒவ்வொரு கையா விரிக்குது. வளப்பு மீன் விக்கிற கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். தோல உரிச்சுப் போட்டுட்டு, புதுத் தோலு கெட்டியாவுற வரைக்கும் ஒளிஞ்சிருக்குமாம். நான் பொதச்சது வெறுந்தோலு. அடுப்ப மறந்து அங்கேயே ஒக்காந்துட்டேன் அக்கா.”

“இன்னிக்கு அவருகிட்ட என்ன சொல்லப்போற?”

“நல்லாருக்குன்னுதான். ஆனா மூஞ்சியப் பாத்துச் சொல்லுவேன்லா.”