இடது பக்கத்து எலாஸ்டிக்

"பாதி வெயிட்டுதாம்மா, அத வெடுக்குனு தூக்கணும்னு சொல்றேன்ல—"

"பாதி தூக்க எதுக்குடி சென்னையில ஆஸ்டலு—"

"வேகம் வரணும்மா. உக்காந்து வெடுக்குனு எந்திரிச்சாத்தான்—"

"தெனமும் காலையில எழுப்புறேனே, அப்பல்லாம் வெடுக்குனு எந்திரிச்சியாக்கும்?"

அபிராமியும் நானும் பேசினால் இப்படித்தான் இருக்கும், நல்லான் மாஸ்டர். ஒருத்தி முடிக்கும் முன்னே இன்னொருத்தி ஆரம்பித்துவிடுவாள். அவள் அப்பா போன பிறகு அந்த ஒற்றை அறையில் வேறு என்ன சத்தம் இருந்தது?

அவளுக்கு அடிபட்டது உங்கள் தவறு என்று ஜிம்மைப் பூட்டிவிட்டீர்களாம். கேட்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் வந்தேன்.

அன்று நீங்கள்தான் கேட்டீர்கள்: "ஏனுங்கம்மா, உங்க கம்பெனில அகல எலாஸ்டிக் கிடைக்குங்களா? தோள்ல வெக்கிற கம்பிய ரெண்டு பக்கமும் தரையோட இழுத்துக் கட்டிட்டா, எந்திரிக்க எந்திரிக்க இழுவை கூடுங்க. புள்ளைக்கு வேகம் வந்துருங்க."

"ஜட்டிக்குப் போடுறத வச்சா மெடல் வாங்கப் போறா?" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருக்கிறேன். பட்டையை விரலிடுக்கில் ஓடவிட்டால் போதும், உள்ளே ரப்பர் இழை அறுந்த இடம் தெரிந்துவிடும். அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்துப் போடுவேன்.

வலது பக்கத்துக்கு நல்ல பட்டையாகத்தான் எடுத்தேன். இடது பக்கத்துக்கு எடுத்ததில் ஏழு இழை அறுந்திருந்தது. மேலே நூல் மூடியிருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்டிக்கரை உரித்து, பசை தெரியாமல் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரண்டு பக்கமும் அறுந்தால் பாரம்தான் குறையும், மாஸ்டர். ஒரு பக்கம் அறுந்தால்தான் கம்பி சாயும்.

ஒரு சுளுக்கு போதும் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை செலக்‌ஷனுக்கு சென்னை ரயில் ஏற முடியாத அளவுக்கு, அவ்வளவுதான். பட்டை அறுந்து கம்பி சாய்ந்ததும் முழங்கால் அப்படித் திருகிக்கொள்ளும் என்று யார் கண்டது? இவள் எழுந்த வேகம் அப்படி. நீங்கள் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறீர்கள்.

இனிக் குத்தவைத்து உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கக்கூஸுக்கென்று நாற்காலியில் ஓட்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். தலைவாரி விடுகிறேன், சோறு ஊட்டுகிறேன். கன்னமெல்லாம் பூசினாற்போல் லட்சணமாகிவிட்டாள். பேச்சுதான் குறைந்துபோயிற்று. அது சரியாகிவிடும்.

இன்று காலை ஒரு கையால் சுவரையும் மறு கையால் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு தானாக இரண்டடி வைத்துவிட்டாள். ஓடிப்போய் அணைத்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். என் முகத்தையே பார்த்தாள். அவள் கையிலிருந்த ஊன்றுகோலை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டுச் சொன்னேன்:

"நான் இருக்கையில நீ எதுக்குத்தா நடக்கணும்?"