சந்தனத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு

செங்கல் சூளை வேலையை விட்டு நடந்துகொண்டிருந்தவன், கால் ஓய்ந்ததும் ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“முதலாளியோட அம்பாசடர்ல ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனத்த எங்க ஊட்டுக்காரரு தொடச்சிட்டாருடி.”

“சாமி காரியமாச்சே! இன்னாத்துக்கு?”

“போய்க்கினு இருக்கசொல்ல இஞ்சின் சத்தம் மாறிச்சாம். ஸ்டியரிங் முன்னாடி, ஆயில் கொறஞ்சா எரியற வெளக்கு மேலயே சந்தனம். தொடச்சா செவப்பா எரியுது. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டாரு. ஆயில் இல்லாம ஓட்டினா இஞ்சின் போயிடும்ல?”

“முதலாளி வுட்டாரா?”

“‘ஓட்டு, இல்ல வேலைய வுட்டுப் போ’ன்னாரு. இவரு சாவிய குடுத்துட்டு நடந்தே வந்துட்டாரு.”

“சோத்துக்கு?”

“நான் நாத்து நடப் போறேன். அவரு ஊட்டுக்குள்ள வந்த வரவ நீ பாக்கணுமே, ராஜா மாதிரி!”

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி லாரி ஷெட்டில் வண்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் லாரியில் ஏறியதும் ஆயில் விளக்கு மேலிருந்த சந்தனத்தைத் துடைத்தேன்.