விழுந்தால் தூக்க முடிகிற பைக்

மகன் பைக்கில் விழுந்து கையை முறித்துக்கொண்டதிலிருந்து அந்தப் பேச்சே எனக்குப் படபடப்பு. ஹட்டனில் ஏறிய ரயிலில், எதிரே இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

“பெரிய பைக் வேணாம். விழுந்தா நானே தூக்கி நிறுத்துறதுதான் வேணும்.”

“விழுறதுக்கே திட்டம் போடுறியாடி?”

“தனியா யாழ்ப்பாணம் போறேன்ல? அங்கிட்டு ரோடு நம்ம மலை ரோடு மாதிரி இல்ல, வளைவே இல்லாம நேரா போகுமாம். நாள் முழுக்க நேரா போகணும்டி. கனவுலயும் அதான் வருது.”

“அம்மா விடுவாங்களா?”

“அம்மாதான் மாமாவோட பைக்க எங்க தோட்டத்து லய வீட்டு வாசல்ல சாச்சுப் போட்டு, தூக்குன்னாங்க. தூக்கிட்டேன். மாமாதான் கீறலப் பாத்து அழுதுட்டாரு.”

“அப்ப சரின்னுட்டாங்களா?”

“மழையில, சேத்துல தூக்கிக் காட்டிட்டுப் போன்னுட்டாங்க.”

வட்டகொடையைத் தாண்டியதும் தூறல் விழுந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே கை நீட்டினார்கள். நான் என் பக்கத்து ஜன்னலைச் சாத்தவில்லை.