இரண்டு மணியில் நின்ற கைக்கடிகாரம்

நெய்வேலி, பணிமனை உதிரிபாகக் கிடங்கில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும், மாவட்டப் பெண்கள் ஜிம்னாஸ்டிக் போட்டி நடுவர் திருமதி வளர்மதி அவர்களுக்குக் கிடங்குப் பணியாளர்கள் வாசித்து வழங்கும் மடல்

அன்பும் அறிவும் அமையப்பெற்ற அம்மையீர்! கண்ணில் கனிவும் கணிப்பில் கறாரும் கலந்த எங்கள் கிடங்கின் காவலரே! பதவியில் பணிவும் பணியில் துணிவும் பாகுபாடற்ற பார்வையும் வாய்த்த பெருந்தகையே! வணக்கம்.

விளிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். முதல் வரைவில் பதினோரு விளிகள் இருந்தன. ஒன்றில் நீங்கள் சூரியன், இன்னொன்றில் முழுநிலவு. படித்துப் பார்த்தபோது நடுவர் மேசையில் நீங்கள் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் காட்சி நினைவுக்கு வந்தது. எட்டை அடித்துவிட்டோம். மிச்சமிருக்கும் மூன்றில் தாங்கள் கழிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால், தேநீருக்குப் பிறகு சொல்லவும்.

இருபத்தேழு வயதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இங்கே பணியில் சேர்ந்தீர்கள். கன்வேயர் பெல்ட்டின் உருளையிலிருந்து கடுகளவு ஆணிவரை உங்கள் கண்ணில் படாமல் இந்தக் கிடங்குக்குள் எதுவும் வந்ததில்லை. லாரிக்காரர் அவசரப்பட்டாலும், மேலதிகாரி தொலைபேசியில் கத்தினாலும், பெட்டியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. பார்க்காத பொருளுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டதில்லை என்பதை உங்களோடு சண்டை போட்டவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் எங்களில் பாதிப்பேர் இருக்கிறோம்.

விடுமுறை நாட்களில் நீங்கள் ஜிம்னாஸ்டிக் நடுவர். அந்த விளையாட்டின் மதிப்பெண் முறையை மதிய உணவு நேரத்தில் சோற்றுப் பருக்கைகளை வைத்தே எங்களுக்கு விளக்கியிருக்கிறீர்கள். மதிப்பெண் இரண்டு பங்கு. எவ்வளவு கடினமான வித்தைகளைச் செய்தாள் என்று கூட்டிக்கொண்டே போவது ஒன்று. எவ்வளவு சுத்தமாகச் செய்தாள் என்று பத்திலிருந்து கழித்துக்கொண்டே வருவது மற்றொன்று. இவற்றுக்கு மேல் போனஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு கடினமான வித்தைகளை இடையில் நிற்காமல் ஒரே ஓட்டத்தில் சேர்த்துச் செய்தால் பத்தில் ஒரு பங்குப் புள்ளி கூடும். நடுவில் ஒரு மூச்சு நின்றாலும் வித்தைக்கு உரிய மதிப்பு உண்டு, போனஸ் கிடையாது.

இங்கிருந்து ‘நாங்கள்’ என்பதை விட்டு ‘நான்’ என்று எழுத மற்றவர்கள் எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். இந்த மடலை எழுதும் நான் சந்திரா. காடாம்புலியூர்க்காரி. பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் பக்கத்து மேசையில் இருப்பவள். சரிதாவின் அம்மா.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் நகரிய உள்ளரங்கில் மாவட்டப் போட்டி நடந்தது. முதலிடம் பெறுபவருக்கு மாநில அணியில் இடம். சரிதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் மேல் படியில் உட்கார்ந்திருந்தேன். கடினத்துக்கு மதிப்பிடும் மேசையில் நீங்களும், வெளியூரிலிருந்து வந்த ஓர் இளம் நடுவரும். பீம் என்னும் குறுகிய கட்டையின் மேல் சரிதா பின்பக்கமாகப் புரண்டு எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே அடுத்த பல்டி போட வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி ஷிஃப்ட் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நிற்பார். வாட்ச் கட்டியவர் நேரத்தைச் சரிபார்ப்பார். உங்கள் கையும் பழக்கத்தில் வாட்ச்சுக்குப் போயிருக்கிறது. திருகை வெளியே இழுத்து, முள்ளை இரண்டில் வைத்து, நீங்கள் நிமிர்ந்தபோது சரிதா இரண்டாவது பல்டியில் இருந்தாள். வெளியூர் நடுவர், போனஸ் உண்டா என்பதில் தமக்குச் சந்தேகம் என்றாராம். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், இதை எப்போதும் சேர்த்துத்தான் செய்வாள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். போனஸ் ஏறியது. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சத்யப்பிரியாவை விட 0.05 புள்ளி கூடுதலாகப் பெற்று சரிதா முதலிடம் வந்தாள்.

மூன்று மணிக்குப் பரிசளிப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நீங்கள் வாட்ச்சைப் பார்த்தீர்கள். மணி இரண்டு. முள் நகராதபடி திருகு வெளியிலேயே இருந்தது. அவசரமாக எழுதப்போனதில் அதை உள்ளே தள்ள மறந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. எழுந்து தலைமை நடுவரிடம் போனீர்கள். அரங்கம் அமைதியாக இருந்ததால் மேல் படி வரைக்கும் கேட்டது.

“என் கண்ணு வாட்ச்சுல இருந்துச்சுங்க. பார்க்காததுக்கு மார்க் போட்டுட்டேன்.”

போனஸ் போயிற்று. சரிதா 0.05 புள்ளியில் இரண்டாமிடம். சத்யப்பிரியாவின் அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. வெயிலில் கறுத்த அந்த மனிதர் தோளில் துண்டோடு எழுந்து நின்று யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கும்பிட்டார்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் நான் உங்களைப் பேசிய பேச்சை இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட முடியாது. தினம் ஒரே மேசையில் சோறு தின்றவள் என் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். நான்கு மாதம் வேறு மேசையில் சாப்பிட்டேன். சரிதாவைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. நியாயம் இல்லாத இடத்துக்கு அவள் எதற்குப் போகவேண்டும் என்று வீட்டில் கத்தினேன். ஐந்தாம் மாதம் அவளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாநில அணி வாய்ப்பு பிறகு அவளுக்கு வரவே இல்லை.

நானும் மெல்லப் பழைய மேசைக்குத் திரும்பினேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் ஊறுகாயை என் பக்கம் தள்ளினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அம்மையீர், பாராட்டு மடல் எழுதுவோர் போனஸ் மட்டுமே போடுவார்கள். கழிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. உங்கள் முன்னால் வாசிக்கும் மடலில் ஒரு கழித்தலாவது இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அது என் பங்கிலிருந்து. போட்டி முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் சரிதா கேட்டாள்:

“சங்கு ஊதசொல்ல நான் நின்னுட்டேம்மா. நீ மேலேந்து பாத்துகினுதானே இருந்த?”

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவள் இப்போது இருபத்திரண்டு வயதுப் பெண்ணாக இந்த விழா அரங்கில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிரிவின் வழக்கப்படி உங்களுக்குக் கைக்கடிகாரமே வாங்கியிருக்கிறோம். வேறு ஏதாவது வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள், நான்தான் விடவில்லை. கடையிலிருந்து வந்தபடியே திருகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு உங்கள் கையாலேயே உள்ளே தள்ளுங்கள். இனி சங்கு ஊதும்போது நேரம் பார்க்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நோயின்றி, குறைவின்றி, வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு பல்லாண்டு இருங்கள்.

இந்த மடல் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும், யாராலும் அழிக்க முடியாது என்பதால் நான் மறைத்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்று நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சரிதா நின்றாள்.

இதைப் படித்து, ஒரு வரியும் அடிக்காமல் கையெழுத்திடும்,
உதிரிபாகக் கிடங்குப் பணியாளர்கள்

எழுதியவர்: சந்திரா